சருகும் தேனீயும்

வைகறையில் விடுதியின் மேன்மாடத்தில் நூலும் கையுமாய் அமர்ந்திருப்போர்க்கு ஒரு புகை நன்கு பழக்கமானது. வேப்ப மரங்கள் இலையுதிர்க்கும் மாசி, பங்குனித் திங்கள்களில் அது நாள்தோறும் எழும். தோட்டக்காரர் முதல்நாள் மாலை கூட்டிக் குவித்த சருகு, மறுநாட் காலை மணியோசைக்கு முன்னரே சாம்பலாகிவிடும். கல்லூரிக்கு வந்த முதலாண்டு முழுதும் அப்புகையை நுகர்ந்தும் யாம் ஒன்றும் எண்ணிலோம். கண் எரிந்தபோது சாளரத்தைச் சாத்திக்கொண்டோம், அவ்வளவே. தேர்வுக்குப் படிப்போர்க்குச் சருகைப் பற்றி எண்ண நேரம் ஏது?

இவ்வாண்டு, விடுமுறை கழிந்து ஊரினின்று திரும்பிய ஒரு காலை, அப்புகையின் அருகே சென்று நின்றோம். "அண்ணாச்சி, இதனை ஒரு குழியில் இட்டால் எருவாகுமே!" என்றோம். அவர் எம்மைச் சிறிது இரக்கத்தோடு நோக்கி, "ஆகும் தம்பி. குழி தோண்டுவது யார்? புரட்டுவது யார்? தீ வைத்தால் அரை மணியில் வேலை முடிந்துபோம். முடியாவிட்டால் எனக்கன்றோ ஏச்சு!" என்றார். அவர் கூறியதில் பிழையொன்றும் இல்லை. கூட்டிய சருகு எவ்வாறேனும் கண்ணினின்று மறைந்தாற் போதும் என்றிருக்கும் நம்மிடத்தே குறை உள்ளது. இக்கட்டுரை அவருடைய வினாவுக்கு யாம் கூற முயலும் விடையாகும்.

வீட்டிலும் விடுதியிலும் சேரும் சருகையும் காய்கறித் தோலையும் எரிக்காது, எறியாது, ஓரிடத்திற் குவித்து மட்கவைத்தல் மண்ணுக்கு மட்டும் செய்யும் உதவியன்று. நம் தோட்டத்து மலரை நாடிவரும் தேனீக்கும் வண்டுக்கும் ஈக்கும் செய்யும் உதவியுமாம் என்பது எம் கருத்து. எருக்குழிக்கும் தேனீக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். யாமும் ஒருகாலத்தில் அவ்வாறே நகைத்தோம். அதுவும் எம் பாட்டனாரின் முகத்துக்கு நேரே.

எம் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்கே, ரப்பர்த் தோட்டங்களினிடையே உள்ளது. அப்பகுதியில் தேனீ வளர்த்தல் நெடுநாளாக ஒரு குடிசைத் தொழில். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையம் அத்தொழிலை ஏழைகளின் முற்றத்துக்குக் கொணர்ந்தது. அதற்கு முன்னரே திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் அடிகளார் இந்தியத் தேனீக்கு ஏற்றவாறு அமைத்த மரப்பெட்டி, அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அத்தகைய பெட்டிகள் எம் பாட்டனாரிடம் நாற்பது இருந்தன. 1991ஆம் ஆண்டளவில் தாய்சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டில் பரவி, இந்தியத் தேனீக் குடும்பங்களிற் பெரும்பகுதியை அழித்தது. புழுக்கள் கூட்டுப்புழுவாகும் முன்னரே நீர் நிறைந்த பைபோல் ஆகி அறைக்குள்ளேயே மடிந்தன. நாற்பது பெட்டிகளில் எஞ்சியவை இரண்டே. வெறுமையான பெட்டிகளிற் கோழியை அடைவைத்தார்கள் என்று எம் பாட்டியார் கூறக் கேட்டிருக்கின்றோம். யாம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த இது எம் இல்லத்தில் இன்றும் நேற்று நிகழ்ந்ததுபோலப் பேசப்படும்.

எஞ்சிய இரண்டினின்று மீண்டும் பெருக்கிய பாட்டனார்க்கு ஆண்டுதோறும் ஒரு கவலை உண்டு. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில், தை முதற் பங்குனி வரை, இளந்தளிரின் காம்பு நுனியில் இனிய நீர் சுரக்கும். ஈக்கள் அதனை உண்டு பெட்டியை நிரப்பும். இது மலரினின்று வரும் தேனன்று, இலையினின்று வருவது என்றால் எம் வகுப்புத் தோழர் சிலர் நம்ப மறுக்கின்றனர்! தளிர் முதிர்ந்தால் அச்சுரப்பும் நிற்கும். பின்னர் இடவப்பாதி என்று எம்மூரார் கூறும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். ஈக்களுக்குப் பஞ்சகாலமும் உடன் தொடங்கும். ஆனி முதற் புரட்டாசி வரை வளர்ப்போர் சர்க்கரைப் பாகு வைத்துக் குடும்பங்களைக் காப்பர். பாகு ஈயின் உயிரைத் தாங்குமேயன்றிக் குஞ்சை வளர்க்காது. குஞ்சுக்கு வேண்டிய புரதம் பூந்தாதிலன்றி வேறெங்கும் இல்லை. ஆயிரம் ஏக்கர் ரப்பர் சூழ்ந்திருந்தும் மழைக்காலத்தில் ஈக்குத் தாதளிப்பவை வீட்டுப் புறக்கடையிற் பூக்கும் பூசணியும் பாகலும் துளசியும், வேலியோரத்துத் தும்பையும் தொட்டாற்சிணுங்கியுமே. தென்னம்பாளை ஆண்டு முழுதும் தாது தரும் என்பது மெய்யே. அத்தென்னையின் தூரில் எம் வீட்டார் கொட்டியதும் அடுக்களைப் பின்புறத்து எருக்குழியிலிருந்து அள்ளியதுதான்.

பாட்டனார் ஒரு சருகையும் எரிக்க விடார். அண்டை வீட்டார் எரித்தாலும் வேலியருகே சென்று, "தீயில் இட்டது ஈயின் சோறு" என்று கூறிவிட்டு வருவார். சிறுவராகிய எமக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஈ எங்கே சருகைத் தின்னும் என்று கேட்டுச் சிரித்தோம். அவர் விளக்கம் கூறிற்றிலர். இப்பொழுது அதனை யாமே விளக்க முற்பட்டிருக்கின்றோம்.

சருகு எரியுங்கால் அதன்கண் உள்ள கரியும் நைட்ரசனும் பெரும்பாலும் காற்றிற் கலந்தொழியும். சாம்பற்சத்தும் சுண்ணமும் போன்ற சிலவே எஞ்சும். அச்சருகே மட்கினால் மண்ணிற் பஞ்சுபோற் கலந்து, பெய்த நீரைப் பிடித்துவைத்து, வேருக்குச் சிறிது சிறிதாக அளிக்கும். இதிற் பூச்சிக்கு என்ன பயன் எனின், நீரின்றி வாடிய செடியின் மலரில் தேன் குறையும். செடி வாடி நிற்பது நம் கண்ணுக்குத் தெரியுமுன் ஈக்குத் தெரிந்துவிடும். வந்து அமர்ந்து பார்த்து அடுத்த பூவுக்குப் போய்விடும். மட்கிய எருவிட்ட பாத்தி மழையில்லாத இரண்டு வாரத்தைத் தாங்கும்போது, அதன் பூக்களும் அவ்விரண்டு வாரம் விருந்தோம்பும்.

இவ்வெருவாக்கத்தை நம் நாட்டு மண்ணிலேயே ஆராய்ந்து முறைப்படுத்தியவர் ஆல்பர்ட் ஹோவர்டு என்பார். 1905இல் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த அவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, சருகு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, இடையிடையே புரட்டி, ஏறக்குறைய மும்மாதத்தில் எருவாக்கும் வழியை வகுத்தார். இந்தூர் முறை என்பது அதன் பெயர். இந்நாட்டு உழவரையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் பேராசிரியராகக் கொண்டதாக அவர் எழுதியுள்ளார். பட்டம் பெற வந்திருக்கும் நமக்கு இதனைக் கேட்டுச் சிறிது நாணம் உண்டாதல் தகும். பின்னர் 1939இல் பெங்களூரில் சி. என். ஆச்சாரியா, குழியில் இட்டு மூடிப் புரட்டாமலே மட்கச்செய்யும் முறையைக் கண்டார். காலம் சற்று மிகுதியாகும், உழைப்புக் குறையும். "புரட்டுவது யார்?" என்னும் அண்ணாச்சியின் வினாவுக்கு விடை கிடைத்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இனி மலரைக் காண்போம். பூசணிக் கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டும் விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். அச்சில மணி நேரத்துள் ஈயொன்று ஆண்பூவின் தாதைப் பெண்பூவிற் சேர்க்காவிடிற் பிஞ்சு மஞ்சளித்து வெம்பி உதிரும். பிஞ்சு உதிர்வதைக் கண்டவர் பலரும் உரம் போதவில்லை என்று முடிவுசெய்து யூரியாவை அள்ளி இடுகின்றனர். தழைச்சத்து அளவு கடந்தால் கொடி கூரையெங்கும் இலையாய்ப் படர்ந்து பூவைக் குறைத்துக்கொள்ளும். பூக் குறைந்தால் வரும் ஈயும் குறையும். உரம் இன்னும் போதவில்லை என்று மறுபடியும் யூரியா! மட்கிய எரு இவ்வாறு ஒருங்கே சத்தைக் கொட்டுவதில்லை. ஆதலின் கொடி நிதானமாய் வளர்ந்து, நிதானமாய்ப் பூக்கும்.

கத்தரிப்பூவின் செய்தி இதனினும் விந்தையானது. அதன் தாதுப்பை வெடித்து விரிவதில்லை. நுனியில் உள்ள சிறு துளை வழியே மட்டும் தாதை உதிர்க்கும். உப்புக் குடுவையைக் குலுக்குவதுபோல அதனைக் குலுக்கவேண்டும். காற்றும் ஓரளவு குலுக்கும். அதனைச் செவ்வையாகச் செய்வன, பட்ட மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டும், உடலில் நீலக் கோடுகள் உடைய ஒரு சிறு தேனீயும் ஆம். அவை பூவை இறுகப் பற்றிக்கொண்டு மார்பை அதிரச் செய்யும். ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். தாது மழைபோற் கொட்டும். பெட்டித் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. ஆதலின் தேன்பெட்டி ஒன்று வாங்கி வைத்துவிட்டால் தோட்டத்துக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்தாயிற்று என்று எண்ணுவது பிழை. எத்தனையோ பூச்சிகள் பெட்டியில் வாழ்வன அல்ல. பட்ட கொம்பிலும் வெறுமண்ணிலும் சருகுக் குவையிலும் வாழ்வன. நாம் 'சுத்தம்' செய்யும்போது முதலில் அழிப்பன அவ்விடங்களே.

மட்குவது மலருக்கு உணவாதலே அன்றி, மலரை நாடும் உயிர்க்கு இல்லமாதலும் உண்டு. இங்ஙனம் யாம் கூறுவதற்குச் சான்று கொக்கோ மரம். நாம் உண்ணும் சாக்லேட்டு அதன் விதையிலிருந்து வருவது. கேரளத்திலும் பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளிலும் ஊடுபயிராக வளர்வது. அதன் பூ நம் சிறுவிரல் நகத்தளவே இருக்கும், அமைப்போ சிக்கலானது. தேனீ உள்ளே நுழைதல் அரிது. கொசுவினும் சிறிய ஒருவகை ஈயே அதற்குத் தாதைச் சேர்க்கிறது. அவ்வீ முட்டையிட்டுப் பெருகும் இடம் எது? ஈரமாய் மட்கிக் கிடக்கும் சருகு, அழுகிய வாழைத்தண்டு, உடைத்தெறிந்த கொக்கோ ஓடு! தோப்பின் தரையைத் துடைத்துப் பெருக்கினால் அவ்வீ இல்லை. ஈ இல்லையெனிற் காயும் இல்லை. பூவைச் சுற்றி அந்தரத்தில் நின்று பறக்கும் பூ ஈக்களுள்ளும் சிலவற்றின் புழுக்கள், ஈரம் மிகுந்த அழுகற் பொருளில் வளர்வன. வளர்ந்தபின் தேனீயின் கோலம் பூண்டு பூவில் வந்தமரும். மாமரத்துப் பூங்கொத்தில் மொய்ப்பவற்றுள் ஈக்களே மிகுதி என்பதை மாசித் திங்களில் மாமரத்தடியில் நின்ற எவரும் அறிவர். மாங்கனிக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றியில் ஒரு பங்கு அவ்வீக்களுக்கு உரியது.

குப்பை என்னும் சொல்லையே நாம் கெடுத்துவிட்டோம் போலும். பழஞ்செய்யுளிற் குப்பை என்றாற் குவியல் என்பதே பொருள். உமணர் குவித்த உப்பும் குப்பையே. இன்றோ அச்சொல்லைக் கேட்டவுடன் மூக்கைப் பொத்திக்கொள்கின்றோம். இன்னொன்றையும் ஈண்டுக் கூறாமல் இருக்க இயலவில்லை. வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று புலவர் வழங்கிய பெயர்களையும் அவற்றிடையே உரையாசிரியர் காட்டும் வேறுபாடுகளையும் யாம் ஒப்பித்துத் தேர்வில் எழுதியுள்ளோம், மதிப்பெண்ணும் பெற்றோம். விடுதி முற்றத்துக் கத்தரிச்செடியில் நாள்தோறும் வந்து ரீங்கரிப்பதற்கு அவற்றுள் எப்பெயர் பொருந்தும் என்று ஒருவர் கேட்டபோது வாய் திறவாது நின்றோம்.

நூல்நிலையத்தின் கீழ்ச்சுவரை ஒட்டிப் புல் முளைக்காத மண்தரை ஒன்று நெடுகிலும் கிடக்கிறது. காலைவெயிலில் அங்கே குந்தி நோக்கினால், எறும்புப் புற்றெனத் தோன்றும் சிறு துளைகளுட் சில எறும்புடையன அல்ல என்பது புலனாகும். அவற்றுள் நுழைந்து வெளிவருவன சிறு தேனீக்கள். உலகில் அறியப்பட்ட தேனீ வகைகள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை கூட்டமாய்த் தேன்கூடு கட்டாமல், இவ்வாறு நிலத்தைத் துளைத்துத் தனித்து வாழ்வன. அத்தரை முழுதும் சிமெண்டுக் கல் பாவப்போவதாக அறிகின்றோம். மழைக்காலத்தில் அவ்வழி சேறாகிறது என்பது உண்மையே. நடப்பதற்கு வேண்டிய அகலத்துக்குக் கல் பாவட்டும். சுவரோரம் இரண்டடி மண்ணை விட்டுவைத்தல் எவர்க்கும் இடையூறாகாது. எருவை விரும்புவோர்க்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. எருவும் சருகும் நல்லவை என்று தோட்டம் முழுதும் தடிப்பாகப் பரப்பி மூடிவிட்டால், இம்மண்வாழ் தேனீக்கள் துளையிட இடமின்றிப் போய்விடும். பாத்திக்கு எரு, மூலைக்குக் குவியல், வெயில்படும் ஓரிடத்தில் வெறுமண், வேலியோரம் பட்டுப்போன கொம்பு இரண்டு: இவ்வாறு கலந்து விடுவதே தக்கது.

நாற்றம் எழும், பாம்பு வரும், கொசு பெருகும் என்பன எம்மிடம் தோழர் கூறிய தடைகள். ஈரத்தோலை மட்டும் கொட்டினால் நாற்றம் எழுவது திண்ணம். ஒரு கூடைத் தோலுக்கு இரண்டு மூன்று கூடைச் சருகிட்டு மூடினால் எழாது, வீட்டு ஈயும் மொய்க்காது. மீனும் இறைச்சியும் எண்ணெய்ப் பண்டமும் இடாவிடில் எலி நாடாது. எலி நாடாவிடிற் பாம்புக்கு அங்கே என்ன வேலை? டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நீரில் முட்டையிடுவது. அதற்கு விடுதியின் பின்னே கிடக்கும் உடைந்த வாளிகளை அன்றோ முதலிற் குறைகூற வேண்டும்.

உழைப்பு யாருடையது என்னும் வினா மட்டும் எஞ்சுகிறது. அண்ணாச்சி கேட்டதும் அதுவே. அவர்மேல் இன்னொரு வேலையைச் சுமத்திவிட்டுத் தேனீயின் பெருமையைக் கட்டுரையாக எழுதுதல் நேர்மையாகாது. ஆதலின் தைத் திங்களில் யாம் எழுவர் கூடி, இசைவு பெற்று, விடுதி அடுக்களையின் பின்புறம் மூங்கிற் கழிகளால் மூன்றடி நீள அகல உயரத்திற் கூடொன்று கட்டினோம். அவ்வளவேனும் இல்லாவிடிற் குவியலின் நடுவே சூடு தங்காது. சனிக்கிழமைதோறும் காலையில் ஒரு மணி நேரம் அடுக்களைத் தோலையும் முற்றத்துச் சருகையும் மாறி மாறி அடுக்கினோம். முதல் வாரத்தில் எம்மைக் கண்டு நகைத்தோர் சிலர் மூன்றாம் வாரத்தில் கூடை தூக்கினர். பத்தாம் நாள் அண்ணாச்சி குவியலுக்குள் கையை விட்டு, விட்ட வேகத்தில் வெளியே எடுத்துக்கொண்டார். "உள்ளே அடுப்பு எரிகிறதா, தம்பி?" என்றார். நன்கு அடுக்கிய குவியலின் நடுவே 55 முதல் 65 பாகை வரை வெம்மை எழும் என்று நூலிற் படித்திருந்த யாமும், அவர் முகத்தைக் கண்டபின்னரே அதனை முழுதும் நம்பினோம். அன்று முதல் கிழக்குப் புறத்துச் சருகை அவர் எரிக்கவில்லை. கூட்டிக் கூட்டின் அருகே கொணர்ந்து வைக்கின்றார்.

மேற்குப் புறத்திற் புகை இன்றும் எழுகிறது. ஒரு கூட்டில் அவ்வளவு சருகும் அடங்காது. இன்னும் இரண்டு வேண்டும். எமக்குக் கிடைத்த இசைவோ ஒரு கூட்டுக்கு மட்டுமே. அதுவும் கோடை விடுமுறை வரையில். நீட்டித்தருமாறு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துள்ளோம். ஆனித் திங்களிற் கல்லூரி திறந்ததும் எருவை அள்ளி முற்றத்துப் பாத்திகளில் இட்டு, பூசணியும் கத்தரியும் துளசியும் நடுவதாக எண்ணம். இடையில் உள்ள இரண்டு மாதமே எம்மை வருத்துகிறது. சித்திரை வெயிலிற் குவியல் உலர்ந்தால் மட்குதல் நின்றுவிடும். பிழிந்த துணியின் ஈரம் எப்பொழுதும் அதில் இருக்கவேண்டும். நாங்கள் அனைவரும் ஊர் சென்றுவிடுவோம். அண்ணாச்சிக்கும் பாதி நாள் விடுப்பு. கல்லூரிக்கு அருகே குடியிருக்கும் பழைய மாணவர் எவரேனும் வாரம் இருமுறை வந்து நீர் தெளிக்க இசைவராயின் பெரிதும் கடப்பாடுடையேம். பூவாளி கூட்டின் பின்னே, கிணற்றடிச் சுவரில் மாட்டியிருக்கிறது.